அணு பிடிக்கிற வேலை

ஒளியை வைத்து அணுவைப் பிடிக்கும் தொழிலில் அணு எப்படியும் ஒருநாள் பிடிபட்டுவிடும். என்ன வேலை பார்க்கிறோம் என்று வீட்டில் புரிய வைப்பதுதான் நடக்காது. சர்வர் ரூமில் உட்கார்ந்திருப்பவர்களே, ஆடிட் பார்ப்பவர்களே, கம்ப்யூட்டரில் எதையோ தட்டிக்கொண்டே இருக்கிறாய் என்று பேச்சு வாங்குபவர்களே, நீங்களெல்லாம் என் கட்சிதான். ஆனாலும் உங்களுக்கு ஒரு நிம்மதி உண்டு. உங்கள் வேலையின் பெயரைக் கேட்டு யாரும் பயப்பட மாட்டார்கள். என் வேலையின் பெயரில் ‘அணு’ இருக்கிறது.

என் பெயர் ரஹ்மத். தாராவியில் பிறந்து, நாலு சந்து தள்ளி தாராவியிலேயே வாழ்க்கைப்பட்டவள். எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமா முடித்து, செம்பூர் பக்கம் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் டெக்னீஷியனாக இருக்கிறேன். கண்ணாடிகளைத் துடைப்பது, பம்ப்புகளைக் கவனிப்பது, லேசர் கோணம் மாறாமல் திருகைத் திருகிக்கொண்டே இருப்பது, இதுதான் என் பாடு. மற்ற மூளை வேலையெல்லாம் லேபை நடத்துகிற சார் பார்த்துக்கொள்வார்.

ஒரு வார்த்தை

கல்யாணமாகிப் பதினைந்து நாள்தான் ஆகியிருந்தது. மாமியார், அதாவது எங்கள் வழக்கில் மாமி, என் தட்டில் தோசையைப் போட்டுக்கொண்டே என்ன வேலை பார்க்கிறாய் என்று கேட்டார். லேபில் வேலை என்று சொல்லி வாயை மூடியிருக்கலாம். எனக்குத்தான் அப்போது பெருமை பிடித்து ஆட்டியது. "ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள்ள காத்தே இல்லாமப் பண்ணி, கொஞ்சம் அணுவை உள்ள விட்டு, ஆறு பக்கமும் லேசர் அடிச்சு நடுவுல நிறுத்துவோம் மாமி. அணு ஆடாம நின்னா அதை வெச்சுக் கடியாரம் செய்யலாம். அதைக் கீழ விழ விட்டு, விழுத வேகத்தை வெச்சு பூமிக்கடியில பைப் எங்க போகுதுன்னுகூடச் சொல்லலாம்" என்று மூச்சு விடாமல் சொன்னேன்.

இவ்வளவிலும் மாமி காதில் விழுந்தது ஒரே ஒரு வார்த்தை. தமிழில் அணு தனியாக நடமாடி நான் பார்த்ததில்லை. பின்னாலேயே குண்டு வரும், இல்லாவிட்டால் உலை வரும். கதிர் கிதிர் ஒன்றும் கிடையாது, இந்த டம்ளரிலும் அணுதான், இந்த தோசையிலும் அணுதான் என்று அடித்துச் சொன்னேன். மாமி தோசையை ஒரு பார்வை பார்த்தார், என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"எல்லாத்துலயும் இருக்குன்னா அதைப் போய் எதுக்குட்டி பிடிக்கிய? அது யாருக்கு என்ன செஞ்சுச்சு?"

சுடாத லேசர்

என் கணவர் பீர், தோல் பை தைக்கிற கார்கானாவில் லேசர் கட்டிங் மெஷின் ஓட்டுகிறார். லேசரைப் பற்றி அவருக்கு நான் பாடம் நடத்த முடியாது. அவர் சட்டையை முகர்ந்தாலே கருகின தோல் வாசனை வரும். லேசர் பட்டால் எதுவும் சூடாகும், எரியும், வெட்டுப்படும். எங்கள் லேபில் லேசர் பட்டால் அணு குளிர்ந்துபோகும் என்றேன். "யார்கிட்ட கதை விடுதே?" என்றார்.

குர்லா ஸ்டேஷன் பாலத்தில் ஆபீஸ் விடுகிற நேரத்தில் எதிர்த்திசையில் நடந்து பாருங்கள் மச்சான் என்றேன். எவ்வளவு வேகமாகப் போனாலும் ஒவ்வொரு தோளாக வந்து இடிக்கும். கடைசியில் நின்ற இடத்திலேயே நிற்போம். ஒளியும் அப்படித்தான் அணுவை எதிரில் வந்து இடித்து இடித்து நிறுத்துகிறது. ஓடுகிற அணுதான் சூடு, நின்ற அணு குளிர். எந்த ஐஸ் பெட்டியிலும் அந்தக் குளிர் கிடையாது. பீர் கேட்டுக்கொண்டார். புரிந்தது என்றுகூடச் சொன்னார். ஆனால் முகம் தெளியவில்லை.

"எங்க மெஷின்ல கையை வெச்சா கை போயிரும். அது எனக்குத் தெரியும், அதனால கையை வெக்க மாட்டேன். உங்க மெஷின்ல என்ன போகும்னு தெரியலயே ரஹ்மத்து, அதான் எனக்குப் பயமா இருக்கு."

ஒரு வாரம் வேகிற பிரியாணி

எங்கள் பெட்டிக்குள் ஒரு துளி ஈரம்கூட இருக்கக் கூடாது. அதனால் அதைச் சுற்றிச் சூடேற்றும் பட்டையைக் கட்டி, அதன்மேல் அலுமினியத் தாளை அடுக்கடுக்காகச் சுற்றி, ஒரு வாரம், சில சமயம் இரண்டு வாரம், சூட்டிலேயே வைத்திருப்போம். மும்பை மழைக்காலத்தில் இந்த வேலை செய்பவள் போன ஜென்மத்தில் என்ன பாவம் செய்தாளோ என்று எங்கள் சாரே சொல்வார். தாள் தீர்ந்துபோனால் மாட்டுங்கா மார்க்கெட்டுக்கு என்னைத்தான் அனுப்புவார்கள்.

அப்படிப் போன ஒருநாள் எனக்கு மூன்றாம் மாதம். மசக்கையில் கொத்தமல்லி வாசனைகூட ஆகவில்லை. மூக்கைப் பொத்திக்கொண்டு இருபது ரோல் தாள் கேட்டேன். கடைக்காரர் நம்ம பாஷைக்காரர். வீட்டில் விசேஷமா, எத்தனை பேருக்குச் சாப்பாடு என்று விசாரித்தார். சாப்பாடு இல்லை, ஒரு வாரம் சூட்டில் வைக்கணும் என்று பாதியைச் சொல்லிவிட்டேன். மனிதர் ரோலை எண்ணுவதை நிறுத்திவிட்டார்.

"ஒரு வாரம் வேகற பிரியாணியை நான் கேள்விப்பட்டதே இல்லையேம்மா, ஆட்டுக்கு என்ன வயசு?"

கொக்கி

லேசர் மேஜைக்குப் பக்கத்தில் போகிறவர்கள் உடம்பில் பளபளப்பாக எதுவும் இருக்கக் கூடாது. மோதிரத்தில் ஒளி பட்டுத் திரும்பி யார் கண்ணிலாவது அடித்தால் கண் போய்விடும். அதனால் வாசலிலேயே வளையல், மோதிரம் எல்லாம் கழற்றிக் கொக்கியில் மாட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். எங்களில் கல்யாணமான பெண்கள் கழுத்தில் கருகமணி போடுவோம். அதில் நடுவே தங்கக் குண்டு இருப்பதால் அதுவும் கொக்கிக்குத்தான் போகும்.

ஐந்தாம் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, கடைசி பஸ் போய்விடுமோ என்ற அவசரத்தில் கருகமணியைக் கொக்கியிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன். சனி, ஞாயிறு இரண்டு நாளும் லேபுக்கு லீவு. துப்பட்டாவை இழுத்து இழுத்து மூடிக்கொண்டிருந்தவளை மாமி ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பிடித்துவிட்டார். திட்டியிருந்தால் பரவாயில்லை. மெதுவாகத்தான் பேசினார்.

"புருஷன் இருக்கையில கழுத்து வெறுமையா நிக்கக் கூடாதுட்டி. வயித்துல வேற ஒண்ண வெச்சுக்கிட்டு எதை எதைக் கழட்டிப் போடுதே நீ?"

கேஸ் பேப்பர்

ஆறாம் மாதத்தில் ஒருநாள் காலையில் வலி வந்தது. லேபில் இல்லை, வீட்டில்தான், துணி மடித்துக்கொண்டிருந்தபோது. இதைக் குறிப்பாகச் சொல்கிறேன், ஏனென்றால் எங்கே வலித்தது என்று பிறகு யாருமே கேட்கவில்லை. ஆஸ்பத்திரி ஜன்னலில் கேஸ் பேப்பர், அதாவது நோயாளிச் சீட்டு, போட பீர் நின்றார். என்னை ஸ்ட்ரெச்சரில் உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். சாயங்காலத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஆண் பிள்ளை. மாமிதான் குளிப்பாட்டினார். பீர் வெள்ளைத் துணியில் சுற்றி அடக்கம் செய்யக் கபர்ஸ்தானுக்கு எடுத்துக்கொண்டு போனார். பேர் வைக்க வேண்டும் என்றார்கள், வைத்தோம். அந்தப் பேரை நான் இங்கே எழுத மாட்டேன்.

வீட்டுக்கு அனுப்பும்போது பேப்பரை என் கையில் கொடுத்தார்கள். வேலை என்ற இடத்தில் ‘அட்டாமிக் லேப்’ என்று இருந்தது. காரணம் என்ற இடத்தில் ‘எக்ஸ்போஷர்’ என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. கதிர் பட்டிருக்குமோ என்று அர்த்தம். ஆஸ்பத்திரியில் நான் யாரிடமும் என் வேலையைப் பற்றி வாயே திறக்கவில்லை. அப்படியானால் டாக்டர் என் ரத்தத்தில் எதையோ பார்த்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். என்ன போட்டிருக்கு என்று மாமி கேட்டார். பொய் சொல்லியிருக்கலாம். அன்றைக்குப் பொய் சொல்லக்கூடத் தெம்பு இல்லை, இருந்ததை அப்படியே வாசித்தேன். மாமிக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் அட்டாமிக் என்றால் என்னவென்று இந்த ஊரில் தெரியாதவர்கள் யார்?

"டாக்டரே எழுதிட்டாரு. இனி நான் சொல்ல என்ன இருக்கு."

வாழைப்பழம்

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து, படுத்திருந்த இடத்திலேயே போனில் தேடினேன். நாங்கள் பிடிக்கும் அணுவின் பெயர் ருபிடியம். இத்தனை வருஷம் அதோடு பழகியவள், அதைப் பற்றி முதல் தடவையாகப் பயத்தோடு படித்தேன். அதில் ஒரு வகை கதிர் விடும் என்று போட்டிருந்தது. மிக மிகக் குறைவுதான். ஆனாலும் விடும். கதிர் கிதிர் ஒன்றும் கிடையாது என்று தோசைத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து சத்தியம் செய்தவள் நான். சாருக்குப் போன் போட்டேன். ஏன் சார் என்னிடம் சொல்லவில்லை என்று கத்தினேன். சாரிடம் நான் குரல் உயர்த்தியது அந்த ஒரு தடவைதான்.

அவர் மாட்டுங்காவிலேயே பிறந்து வளர்ந்த பாலக்காட்டுக்காரர். நிதானமான மனிதர். முதலில், "ஆமாம், இருக்கு" என்றார். மழுப்பவில்லை. பெட்டியோடு சேர்ந்த ருபிடியக் குப்பியில் இருப்பதைவிட நம் உடம்பில் இருக்கும் பொட்டாசியம் அதிகமாகக் கதிர் விடுகிறது, வாழைப்பழத்தில்கூட அது உண்டு, குப்பியில் இருப்பதோ ஸ்டீலையும் கண்ணாடியையும் தாண்டி வெளியே வராது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். எல்லாம் புரிந்தது. புரிந்தும் ஒரு மாதம் வாழைப்பழத்தைத் தொட எனக்கு மனசு வரவில்லை. போனை வைப்பதற்கு முன்னால் அவர் சொன்னது இது:

"முதல் நாளே சொல்லியிருக்கணும் ரஹ்மத். சொல்ற அளவுக்கு அதுல ஒண்ணுமில்லைன்னு நானே தீர்மானம் பண்ணிண்டுட்டேன், அது என் தப்பு."

பையில் இருந்த கடிதம்

லீவு முடிந்து வேலைக்குப் போக ஆரம்பித்தேன். வேலையை விடு என்று மாமி தினம் ஒரு தடவை சொன்னார். பீர் விடு என்றும் சொல்லவில்லை, விடாதே என்றும் சொல்லவில்லை. எதற்கெடுத்தாலும் கிண்டல் பேசுகிற மனிதர் என் முகத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டார். அது மாமியின் பேச்சைவிட என்னை அதிகமாக அறுத்தது.

ஒருநாள் ராஜினாமாக் கடிதத்தை எழுதிப் பையில் போட்டுக்கொண்டேன். மூன்று வாரம் அது டிபன் டப்பாவோடு போய்வந்தது. கொடுக்கக் கை வரவில்லை. வேலை போனால் போகட்டும் என்று நான் பெரிய மனுஷி மாதிரி பேசப் போவதில்லை, எனக்கு அந்த வேலை உயிர். ஆனால் அதற்கும் மேலே ஒன்று இருந்தது. கடிதத்தைக் கொடுத்தால், என் பிள்ளையை நான்தான் கொன்றேன் என்று நானே கையெழுத்துப் போட்ட மாதிரி. கொடுக்காவிட்டால், பிள்ளையைக் கொன்ற இடத்துக்கே தினமும் டிபன் கட்டிக்கொண்டு போகிறவள். இந்த இரண்டுக்கும் நடுவில் எனக்கு மூச்சு முட்டியது. கடைசியில் மாமியிடம் சொன்னேன், ஒரு தடவை வந்து பாருங்கள், பார்த்த பிறகும் விடு என்றால் அன்றைக்கே விட்டுவிடுகிறேன். மாமி யோசிக்கவே இல்லை.

"வாரேன். என் பேரனைத் தின்னது எப்பிடி இருக்குன்னு நானும் பாக்கணும்."

மாமி வந்த நாள்

சார் அனுமதி வாங்கி வைத்திருந்தார். பீர் அரை நாள் லீவு போட்டுவிட்டு எங்களோடு பஸ்ஸில் வந்தார். வாசலில் மாமியின் மோதிரம் கழலவில்லை. மாமா போட்ட மோதிரம், அவர் மௌத்தான பிறகும் கழற்றாதது. சோப்புத் தண்ணீர் விட்டு நான் இழுத்தபோது மாமி வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். சார் வந்து, "வாங்கோ மாமி, உக்காருங்கோ" என்றார். மாட்டுங்காவில் வயதில் மூத்த எந்தப் பெண்ணும் மாமிதான். எங்கள் மாமிக்கு அது தெரியாது. "இவரு என்னை எந்த முறையில மாமிங்காரு?" என்று என் காதில் கேட்டார். நான் சிரித்துவிட்டேன். மூன்று மாதத்தில் அதுதான் முதல் சிரிப்பு.

கண்ணுக்குத் தடுப்புக் கண்ணாடி போட்டுவிட்டு உள்ளே அழைத்துப் போனோம். எங்கள் லேசர் வெறும் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. அணுக்கூட்டத்தை கேமரா வழியாக டிவி திரையில்தான் பார்க்க முடியும். கறுப்புத் திரையின் நடுவில் வெள்ளையாக ஒரு புள்ளி, மிளகு அளவுக்கு. அதுதான் என்றேன். மாமி கிட்டப் போய்ப் பார்த்தார். உயிர் இருக்கா என்று கேட்டார். இல்லை மாமி, உயிரெல்லாம் கிடையாது என்றேன். அப்புறம் அவர் நேராக சாரைப் பார்த்துத் திரும்பினார். "உங்க மவ மாசமா இருந்தா இந்த ரூமுக்குள்ள விடுவீங்களா?" சார் திரையை விட்டு மாமி பக்கம் வந்தார். "விடுவேன். விட்டுட்டுப் பயப்படவும் செய்வேன். பெத்தவாளுக்குப் பயம் வரதுக்கு இந்த மெஷின் வேணும்னு இல்லையே" என்றார். "அப்போ அந்த டாக்டரு எதுக்கு அப்பிடி எழுதினாரு?" என்று மாமி விடவில்லை.

அப்போதுதான் பின்னால் நின்ற பீர் வாயைத் திறந்தார். "நான்தான் சொன்னேன். ஜன்னல்ல வேலை என்னன்னு கேட்டான், லேப்னேன். என்ன லேப்னான். அணுங்கறதுக்கு ஹிந்தியில எனக்கு வேற வார்த்தை வாயில வரல, அட்டாமிக்னு சொல்லிட்டேன். மறுநாளே பேப்பரை எடுத்துக்கிட்டுப் போய் டாக்டர்கிட்ட கேட்டேன். டெஸ்ட்ல ஒண்ணும் தெரியல, நீங்க சொன்ன வேலையைப் பாத்துட்டுத்தான் கேள்விக்குறி போட்டேன், சில சமயம் காரணமே தெரியாதுன்னாரு." இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "காரணம்னு ஒண்ணு இருந்தா அடுத்த தடவை அதை விட்டுத் தப்பிச்சிரலாம்லா. ஒண்ணுமே இல்லன்னா எதை விட்டுத் தப்பிக்க?" என்றார். அவரை அறைய வேண்டும்போலவும் இருந்தது, பிடித்துக்கொண்டு அழ வேண்டும்போலவும் இருந்தது. இரண்டும் செய்யாமல் நின்றேன்.

செய்தது மாமிதான். "ஏலே, பாவி!" என்று ஒரு சத்தம் போட்டு அவர் முதுகில் ஓங்கி ஒரு அறை வைத்தார். எங்கள் லேசருக்குச் சத்தம் ஆகாது. திரையில் புள்ளி காணாமல் போயிற்று. மாமி பதறிவிட்டார். "யா அல்லா, நான்தான் போக்கிட்டேனா?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கை ஜில்லென்று இருந்தது. நீங்க ஒண்ணும் பண்ணல மாமி, சில சமயம் தானாவே போகும், யாரும் ஒண்ணும் பண்ணல என்றேன். மாமி என்னையே பார்த்தார். அங்கேயே, சாருக்கு முன்னால், அழ ஆரம்பித்தார்.

"யார் மேலயாவது போடணும்லாட்டி. அல்லா மேல போட முடியாது, பெத்த மவன் மேல போட மனசு வரல, நீதான் கெடச்சே."

வேறு வார்த்தை

பீரோடு நான் நாலு நாள் பேசவில்லை. ஐந்தாம் நாள் அவரே வந்து கபர்ஸ்தானுக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனார். பெண்கள் உள்ளே போகிற வழக்கம் எங்கள் பக்கம் கிடையாது. வெளிச்சுவருக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, எந்த இடம் என்று அவர் கை காட்டியதைப் பார்த்தேன். ஒரு வேப்பங்கன்றுக்குப் பக்கத்தில். இரண்டு பேரும் அங்கே நின்று அழுதோம். காரணம் இன்றுவரை தெரியாது. தெரியாமலே இருக்கப் பழகிக்கொண்டிருக்கிறோம், இன்னும் முழுதாகப் பழகவில்லை. ராஜினாமாக் கடிதத்தைக் கிழிக்கவில்லை. பின்பக்கம் வெறுமையாக இருந்ததால் பம்ப்பின் அழுத்தக் கணக்கை அதில் எழுதினேன்.

போன மாதம் குழாயடியில் தண்ணீர் பிடிக்கும்போது பக்கத்து வீட்டுப் பெண் மாமியிடம் மெதுவாக விசாரித்தாள், உங்க மருமவ அந்த அணு வேலையை விட்டுட்டாளா என்று. நான் குடத்தோடு பின்னால்தான் நின்றிருந்தேன். மாமி குழாயை மூடிவிட்டுத்தான் பதில் சொன்னார், நாலு பேருக்குக் கேட்கட்டும் என்று.

"அணுவும் இல்ல, குண்டும் இல்ல. என் மருமவ லைட்டு வேலை பாக்கா, அதை ஏன் விடணும்?"

அணுவைப் பிடித்து நிறுத்தத் தெரிந்தவள் என்று இத்தனை வருஷத்தில் யாரும் என்னைத் தேடி வந்ததில்லை. மாமி வாயால் லைட்டு வேலைக்காரி ஆன நாளிலிருந்து எங்கள் சந்தில் எந்த வீட்டு ட்யூப்லைட் மினுக்கினாலும் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு நான்தான் போகிறேன்.